கிளட்ச் கேபிள் அறுதலின் முதற்பொருள்: நிலமும் பொழுதும் குறித்த ஓர் ஆராய்ச்சி

மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிள் அறுந்தவர்கள் தரும் வாக்குமூலங்களை ஒப்புநோக்கினால் இரண்டு கூறுகள் தவறாமல் தென்படும். "நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு அந்துருச்சு" என்பது பொழுது பற்றிய கூறு. "அதுவும் எங்க? நட்டநடு சிக்னல்ல!" என்பது நிலம் பற்றிய கூறு. முன்னது வியப்பாகச் சொல்லப்படும், பின்னது புகாராக. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதால் இந்த வாக்குமூலம் இலக்கணத்தில் குறைவற்றது. ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றும்போது இரங்கல் என்னும் உரிப்பொருளும் தானாக வந்து சேர்கிறது. இலக்கணம் சரியாக இருப்பதாலேயே ஒரு கூற்று உண்மையாகிவிடாது. பொழுது பற்றிய கூறு பொய் என்றும், நிலம் பற்றிய கூறு மெய்யே ஆனாலும் அதில் புகார் சொல்ல இடமில்லை என்றும் இங்கே நிறுவப்படும். கேபிள் திடீரென்று அறுவதில்லை. சிக்னலைத் தவிர வேறிடத்தில் அறுவதற்கு அதற்குப் பெரிதாக வாய்ப்பும் இல்லை.

முதலில் பொருளின் உடலமைப்பு. வெளியே தெரியும் கறுப்புக் குழாயைக் கேபிள் என்று நினைப்பவர்கள் உறையைக் கண்டு வாளை எடைபோடுபவர்கள். உள்ளே எஃகு இழைகளை முறுக்கிச் செய்த கம்பி ஒன்று ஓடுகிறது. அதைச் சுற்றியிருக்கும் உறையும் சுருள்கம்பியால் ஆனது. கம்பியை இழுக்கும்போது உறை நசுங்காமல் எதிர்த்து நிற்பதால்தான், கைப்பிடியிலிருந்து எஞ்சின்வரை எத்தனை வளைவு இருந்தாலும் இழுப்பு மறுமுனைக்குப் போய்ச் சேருகிறது. இந்த அமைப்புக்கு 1896-இல் காப்புரிமை பெற்றவர் எர்னஸ்ட் மோனிங்டன் பவுடன். ராலே சைக்கிள் கம்பெனியை நடத்திய ஃபிராங்க் பவுடனின் கணக்கில் இந்தப் பெருமையை எழுதிவைப்போர் உண்டு; பெயரொற்றுமை ஆராய்ச்சியாளர்களை ஏமாற்றுவது புதிதல்ல. அதற்கு முன்பிருந்த ஏற்பாட்டை நம்மூர்ப் பழைய சைக்கிள்களின் கம்பி பிரேக்கில் இன்றும் பார்க்கலாம். அதில் அறுவதற்கு எதுவுமில்லை, வளைந்து போகவும் வழியில்லை.

பவுடனுக்கு ஒரு தலைமுறைக்கு மேல் முந்திய இன்னொருவர் நம் வழக்குக்கு முக்கிய சாட்சி. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியில், கிளவுஸ்தால் சுரங்கங்களில் அதிகாரியாக இருந்தவர் வில்ஹெல்ம் ஆல்பர்ட். சுரங்கத்தில் பாரம் தூக்கிய இரும்புச் சங்கிலிகள் தம்மால் தாங்கக்கூடிய எடையைத்தான் தூக்கின. ஆனாலும் ஒருநாள் அறுந்தன. 1829 வாக்கில் அவர் சங்கிலிகளில் திரும்பத் திரும்பப் பாரமேற்றி இறக்கிச் சோதித்தார். உலோகமும் களைத்துப்போகும் என்ற ஆராய்ச்சியின் தொடக்கமாக அந்தச் சோதனைகளைக் குறிப்பிடுகிறார்கள். அதே ஆல்பர்ட்தான் 1834-இல் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கிச் சுரங்கத்தில் பயன்படுத்தினார். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் கதை முடிந்தது. கயிற்றில் ஓர் இழை விட்டால் மற்ற இழைகள் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். விட்ட இழை வெளியே நீட்டிக்கொண்டு நின்று நடந்ததைத் தெரிவிக்கவும் செய்யும். அறுதலை ஆராய்ந்தவரும் கம்பிக்கயிற்றைக் கொடுத்தவரும் ஒரே ஆள் என்பது தற்செயலாக இருக்க முடியாது. திடீரென்று அறாமல் இருப்பதுதான் முறுக்குக் கம்பியின் சிறப்பே. அதன் வழித்தோன்றலான கிளட்ச் கேபிளைப் பார்த்து "திடீர்னு அந்துருச்சு" என்பது, குலத்தொழிலிலேயே குற்றம் சாட்டுவதாகும்.

இனித் தடயம். அறுந்த கேபிளின் முனையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், இழைகள் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. சில முனைகள் துருப்பிடித்துப் பழுப்பேறியிருக்கும். சில அழுக்கில் கறுத்திருக்கும். நாலைந்து மட்டும் புதிய எஃகின் பளபளப்போடு இருக்கும். பளபளப்பவை இன்று அறுந்தவை. கறுத்தவையும் பழுத்தவையும் அறுந்து வாரங்களோ மாதங்களோ ஆகிவிட்டன. பத்தொன்பது இழைகளை ஒரே முறுக்காக முறுக்குவதும், ஏழேழாக நாற்பத்தொன்பது இழைகளை முறுக்குவதும் பரவலான வழக்கம். எந்த வகையானாலும் கடைசி நாளில் வேலை பார்த்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில இழைகள்தான். அறுந்த இடமும் பேசுகிறது. பெரும்பாலும் அது லீவர் முனையில், நிப்பிளை ஒட்டியே இருக்கும். லீவர் வட்டப்பாதையில் நகர்வது. கம்பி நேர்கோட்டில் வர விரும்புவது. இருவருக்கும் சமரசம் செய்துவைக்கவே நிப்பிள் என்ற அந்தச் சிறு உலோக உருளை தன் குழிக்குள் சுழல வேண்டும். மழையும் தூசியும் புகுந்து, எண்ணெய் காய்ந்து, நிப்பிள் சுழல மறுத்துவிட்டால் அந்த வளைவு முழுவதையும் கம்பியின் கழுத்து ஏற்கிறது. ஒவ்வொரு பிடிப்பிலும் ஒரு மடங்கல், ஒரு நிமிரல். ஆல்பர்ட்டின் சங்கிலிகளுக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்கிறது, இழை இழையாக.

அப்படியானால் இத்தனை பேர் ஏன் ஒரே மாதிரிப் பொய் சொல்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை, அறியாமல் தவறாகச் சொல்கிறார்கள். கேபிள் விடுக்கும் அறிவிப்புகள் இரண்டு. ஒன்று கனம்: அறுந்த இழைகள் உறைக்குள் உரசுவதால் லீவர் இறுகுகிறது. இன்னொன்று தளர்வு: மிச்ச இழைகள் நீள்வதால் லீவர் முனையின் வெற்றாட்டம் கூடுகிறது. கனத்தை உரிமையாளரின் கை அறிவதில்லை, ஏனென்றால் அது நாளுக்கு நாள் மயிரிழையளவில் கூடுகிறது, கையும் அதற்கு ஈடாகப் பழகுகிறது. அறிவது இரவல் வாங்கியவரின் கைதான். "என்னண்ணே, கிளட்ச் இவ்ளோ டைட்டா இருக்கு?" என்று கேட்பவனுக்கு, "ஓட்ட ஓட்டப் பழகிரும்டா" என்று பதில் வரும். விஞ்ஞான நோக்கில், ஒரு கருவியைப் பற்றிய சார்பற்ற அளவீட்டை அளந்தவரின் அனுபவக்குறைவாகத் தள்ளுபடி செய்யும் செயல் இது. தளர்வின் கதை இன்னும் மோசம். லீவரை ஒட்டி ஒரு அட்ஜஸ்டர் இருக்கிறது. ஸ்பேனர்கூடத் தேவையின்றி விரலால் திருகினால் தளர்வு மறைந்துவிடும். தளர்வு ஏன் வந்தது என்று கேட்காமல் திருகிவிடுவது, வந்த நினைவூட்டல் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் கோப்பில் சேர்த்துவிடும் அலுவலக மரபை ஒத்தது. ஒரே மாதத்தில் இருமுறை அட்ஜஸ்டரைத் திருகியவர் "திடீர்" என்று சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறார் என்பது இந்த ஆராய்ச்சியின் உறுதியான முடிவு.

இதற்கு எழும் ஒரு தடையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கம்பி முழுசாக இருக்க, நிப்பிள் மட்டும் வார்ப்புச் சரியில்லாமல் கழன்று வந்துவிடுவதுண்டு. மலிவான டூப்ளிகேட் கேபிள்களில் இது நடக்கும். அங்கே முன்னறிவிப்பு இல்லை, இழைகளின் படிப்படியான தியாகமும் இல்லை. ஆனால் அது கழலுதல், அறுதல் அல்ல. புதுப்பேட்டையில் பேரம் பேசியபோது கொடுக்கப்பட்ட அறிவிப்பை அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பொழுது பற்றிய கூறு விழுந்தது, இனி நிலம். நடுச்சாலையில், பின்னால் பேருந்து நிற்க, சிவப்பு விளக்கு பச்சையாகும் கணத்தில்தான் இந்தக் கேபிள் அறுகிறது என்பதைப் பலரும் ஊழ்வினையின் திட்டமாகவே கருதுகிறார்கள். கேபிள் எப்போது அறும்? இழுக்கும்போது. இழுக்காதபோது அதில் பாரமே இல்லை. வெற்றாட்டம் என்று ஒன்றை விட்டுவைத்திருப்பதே அதற்காகத்தான். எங்கே இழுக்கிறோம்? நான்கு கியர் வண்டி ஒன்று சிக்னலில் நிற்கிறது என்று கொள்வோம். முதல் கியர் போட ஒருமுறை, மேலேற்ற மூன்றுமுறை, அடுத்த சிக்னலை நெருங்கும்போது இறக்கி நியூட்ரலுக்கு வர நான்குமுறை என்று வைத்தால் இரண்டு சிக்னல்களுக்கிடையே எட்டு இழுப்பு. பத்து சிக்னல் தாண்டி வேலைக்குப் போய் அதே வழியில் திரும்பினால் நூற்றறுபது. கத்திப்பாரா, கோயம்பேடு போன்ற இடங்களில் அரை கிளட்ச்சில் ஊர்ந்து போவதைச் சேர்த்தால் கணக்கு கட்டுமீறிப்போகும். செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம்வரை சுமார் நூறு கிலோமீட்டர் நான்குவழிச் சாலையில் அதே வண்டி டாப் கியரில் போனால், டீக்கடைக்கு ஒதுங்கும்போது தவிர லீவரைத் தொட வேண்டியதே இல்லை. ஆக, அறுவதற்கான சந்தர்ப்பங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துக் குறித்தால், எங்கெல்லாம் போக்குவரத்து நெரிகிறதோ அங்கெல்லாம் புள்ளிகளும் நெரியும். கேபிள் இடம் பார்த்து அறவில்லை. நாம்தான் அந்த இடத்துக்கு வெளியே அதைத் தொடுவதில்லை.

மலைப்பாதையை எதிர்ச்சான்றாகக் காட்டுவோர் உண்டு. கொல்லிமலையில் சிக்னல் கிடையாது, அங்கும் அறுகிறதே என்பார்கள். கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் கியரை இறக்கி, திரும்பி, ஏற்ற வேண்டும். எதிரே பேருந்து வந்தால் நின்று மீண்டும் அரை கிளட்ச்சில் கிளம்ப வேண்டும். எழுபது சிக்னல்களை மலைமேல் அடுக்கியதற்கு ஒப்பானது அது. எதிர்ச்சான்றாக வந்தது நம் பக்கமே சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது.

ஒரு பேச்சுக்கு, நெடுஞ்சாலையில் டாப் கியரில் போகும்போதே கேபிள் எப்படியோ அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. இங்கேதான் பொதுமக்களின் கருத்தில் பெரும் பிழை இருக்கிறது. கிளட்ச்சுக்குள் இருக்கும் பிளேட்டுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருப்பவை ஸ்பிரிங்குகள். கேபிளின் வேலை அந்தப் பிடியைத் தளர்த்துவது மட்டுமே. கேபிள் போனால் பிடி போவதில்லை. பிடியை விடுவிக்கும் வழி போகிறது. எனவே கேபிள் அறுந்த வண்டி ஓடாத வண்டி அல்ல, நிற்கத் தெரியாத வண்டி. விழுப்புரத்தை நோக்கிப் போகிறவர் அந்த இழப்பை அறியமாட்டார். டோல்கேட்டில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணமில்லை என்பதால் அங்கும் நிற்கமாட்டார். ஊருக்குள் நுழைந்து முதல்முறை லீவரைப் பிடிக்கும்போது அது கையோடு வந்து ஒட்டிக்கொள்ளும், அப்போதுதான் அறிவார். மணிமேகலையில் சமயக்கணக்கர் திறம் கேட்ட காதையில் அளவைவாதி எடுத்துரைக்கும் பத்து அளவைகளில் அபாவமும் ஒன்று. ஒன்று இல்லை என்பதை அறிவது. கிளட்ச் கேபிளைப் பொறுத்தவரை பெரும்பாலோருக்கு வாய்த்திருக்கும் அளவை இது ஒன்றே. இருக்கும்வரை அது காட்சிக்கும் வராது, கருத்துக்கும் வராது. ஆகவே கேபிள் உண்மையில் எங்கே அறுந்தாலும், அறுந்ததாக அறியப்படும் இடம் நிற்க வேண்டிய இடமாகவே இருக்கும். நிலம் பற்றிய கூறு மெய் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

வீட்டு வாசலிலேயே அறுந்ததாகச் சொல்லும் சிலர் இருப்பது உண்மை. காலையில் வண்டியை எடுக்கும் முதல் இழுப்பும் ஓர் இழுப்புத்தான். நூற்றறுபதில் ஒன்று என்ற விகிதத்தில் அதற்கும் உரிமை உண்டு. ஆனால் வாசலில் அறுந்த கேபிள் கதையாவதில்லை. வண்டியை உள்ளே தள்ளிவிட்டுப் பேருந்தில் போனவர் அதை யாரிடமும் சொல்வதில்லை, சொன்னாலும் கேட்பவர் கேட்டுக்கொள்வதில்லை. திருஷ்டிக் கோட்பாட்டாளர்களின் தடை இதைவிட வலுவானது. புதுவண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருக்கிறோம், ஆண்டுதோறும் ஆயுத பூஜை செய்கிறோம், பிறகும் அறுகிறதென்றால் அது கண்ணேறு தவிர வேறென்ன என்கிறார்கள். ஆயுத பூஜையன்று நடப்பதை உற்றுநோக்கிய எவரும் இதற்கு விடை சொல்லலாம். ஹெட்லைட்டுக்குச் சந்தனம், கைப்பிடிக்கு மாலை, லீவருக்குக் குங்குமம் கிடைக்கின்றன. லீவருக்குள் ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்திருக்கும் நிப்பிளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் கிடைப்பதில்லை. வண்டியைக் கழுவும் சாக்கில் கேபிளின் உறைக்குள் தண்ணீர் மட்டும் தாராளமாகப் போகிறது. பூசை தவறானது என்பது நம் வாதமல்ல. பூசை அந்த ஓர் அங்குலத்தைச் சென்றடையவில்லை.

இந்தத் துறையே தேவையற்றது என்று சில இயந்திரங்கள் நிரூபித்திருப்பதையும் சொல்ல வேண்டும். 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பில் கியர் உண்டு, கிளட்ச் லீவர் கிடையாது. எஞ்சினின் வேகம் கூடினால் தானாகப் பிடிக்கும் கிளட்ச் அதில் இருந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50 கியரையும் சேர்த்தே துறந்தது. மைசூரில் தயாரான யெஸ்டியில் லீவரும் கேபிளும் இருந்தன; ஆனால் கியரை மிதிக்கும்போதே கிளட்ச் விலகும்படி ஓர் ஏற்பாடும் உள்ளே இருந்தது. அந்த வண்டிக்காரர்கள் கேபிள் அறுந்த பிறகும் கண்ணியமாக வீடு திரும்ப முடிந்தது. இன்று ஸ்கூட்டர்களும் மின்சார வண்டிகளும் பெருகிவிட்ட நிலையில் ஆய்வுக்குரிய கேபிள்கள் குறைந்துவருகின்றன. மூன்று மூட்டை வெங்காயத்தோடு போகும் டிவிஎஸ் எக்ஸ்எல்காரர், ஓரமாக நிற்கும் ஐந்து கியர் வண்டியைத் திரும்பிப் பார்க்கும் பார்வையில் இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

நிற்கத் தெரியாத வண்டியை வீடு சேர்க்கும் முறைக்கு வருவோம். எஞ்சினை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, கால்களால் தரையை உந்தி வண்டியை உருட்டி, உருளும்போதே முதல் கியரை அழுத்த வேண்டும். ஒரு குலுக்கல் இருக்கும். பிறகு கிளட்ச்சே வேண்டாம்: கியர் லீவரில் லேசாகக் கால் அழுத்தம் வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை ஒரு கணம் விட்டால், பற்களின் மேலிருக்கும் பாரம் நீங்கி அடுத்த கியர் தானாக விழும். பந்தய வண்டிகளின் குயிக் ஷிஃப்டர் செய்வதும் இதுவே. அது எஞ்சினின் பொறியை ஒரு கணம் நிறுத்துகிறது, நாம் மணிக்கட்டை நிறுத்துகிறோம். இப்படி ஓட்டினால் கியர்பாக்ஸ் கெடாதா என்று கேட்பார்கள். தினமும் ஓட்டினால் கெடும், மெக்கானிக் ஷெட் வரை ஓட்டினால் கெடாது. சிக்கல் நிற்பதில்தான். சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே கண்டு, ஊர்ந்து, நிற்பதற்கு முன் நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும். ஸ்பிளெண்டர் போல நியூட்ரல் ஒரு கோடியில் இருக்கும் வண்டிகளில் குதிகாலால் மிதித்துக்கொண்டே வந்தால் அது கிடைத்துவிடும். முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒளிந்திருக்கும் வண்டிகளில் அது கிடைப்பதற்குள் எஞ்சின் அணைந்துவிடும். பின்னாலிருக்கும் ஆட்டோக்காரர் மீதியைச் சொல்லிவிடுவார். நண்பர் தன் வண்டியிலிருந்து காலை நீட்டி, நம் வண்டியின் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றித் தள்ளிக்கொண்டு போகும் வழக்கம் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறது. நட்பின் இலக்கணத்தில் அதற்கு உயர்ந்த இடம் உண்டு. பாதுகாப்பின் இலக்கணத்தில் இல்லை. பேருந்துகள் ஓடும் சாலையில் அது வேண்டாம்.

பொருளாதாரத் தடை ஒன்று மிச்சமிருக்கிறது: அறுமுன்னே மாற்றினால் பாதி ஆயுள் வீண், "ஓடுற வரைக்கும் ஓடட்டும்". டயர், செயின் போன்றவற்றுக்கு இந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. கேபிளின் விலையோ சில நூறு ரூபாய். அறுமுன் வாங்கினாலும் அறுந்தபின் வாங்கினாலும் அதே விலை. மாறுவது வண்டியைத் தள்ள வேண்டிய தூரம் மட்டுமே. மிச்சப்படுத்திய இழைகளை யாரும் எங்கும் விற்றதில்லை.

ஸ்பேர் கேபிளைக் கூடவே வைத்திருப்பவர்களுக்கு ஒருபோதும் கேபிள் அறுவதில்லை என்ற நம்பிக்கை நெடுந்தூரம் ஓட்டுவோரிடையே வேரூன்றியிருக்கிறது. இதையும் மாயமாகக் கருத வேண்டியதில்லை. ஸ்பேர் வாங்கும் அளவுக்குக் கேபிளை நினைத்தவர் நிப்பிளுக்குக் கிரீஸ் வைக்கவும் நினைத்திருப்பார். வைத்தவரின் கேபிள் அறாமல் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஸ்பேரைச் சுருட்டி, மடக்கி, சீட்டுக்கடியில் திணித்துவைத்தால் தேவைப்படும் நாளில் அதுவே மடிந்த இடத்தில் இறுகி வராமல் நிற்கும். புல்லட்காரர்களிடம் இதற்கு நல்ல வழக்கம் ஒன்று உண்டு. புதுக் கேபிளை ஓடும் கேபிளோடு சேர்த்து, அது போகும் வழியிலேயே லீவரிலிருந்து எஞ்சின்வரை போட்டு டேப் சுற்றிவிடுகிறார்கள். இரு முனைகளையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுகிறார்கள். அறுந்த அன்று பெட்ரோல் டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை, வழி தேட வேண்டியதில்லை. இரண்டு முனைகளை மாற்றி மாட்டினால் போதும். வாங்கும்போது வண்டியின் மாடலோடு ஹேண்டில்பாரையும் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். உயரமான ஹேண்டில்பாருக்கு மாற்றிய வண்டிக்குக் கம்பெனிக் கேபிள் நான்கு விரற்கடை குறையும்.